எல்லை தாண்டினாலும் உங்கள் மருத்துவ விவரம் கூடவே வரட்டும்

பள்ளிப்பட்டுக்காரர்களுக்கு வைத்தியம் ஒரே ஊரில் முடிவதில்லை. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் உள்ளூர் மருத்துவமனை, ஸ்கேன் எடுக்கத் திருத்தணி, சிலருக்குப் பக்கத்திலேயே நகரி, பெரிய நோய் என்றால் திருப்பதி அல்லது சென்னை. 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த பகுதிதானே! எல்லைக்கோடு மாறினாலும் உறவும் வைத்தியமும் இரண்டு பக்கமும் தொடர்கின்றன. ஆனால் ஒரு மருத்துவமனையின் கணினியில் ஏறிய உங்கள் விவரம், அடுத்த மருத்துவமனைக்குத் தானாகப் போய்ச் சேராது.

இதில் என்ன ஆபத்து என்கிறீர்களா? உங்கள் அம்மாவுக்கு அரசு மருத்துவமனையில் அம்லோடிபின் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கம் ஒரு கிளினிக்கில், "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்டால், "வெள்ளையா, சின்னதா ஒண்ணு" என்பார். மருத்துவர் அதே மருந்தை வேறொரு கம்பெனிப் பெயரில் எழுதிவிடலாம். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் கால் வீங்கலாம், ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழலாம். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு அது தெரியாமல் ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து.

2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் தருகிற 14 இலக்க 'ஆபா' எண் இதற்காகத்தான். தமிழ்நாடு, ஆந்திரா இரண்டிலும் அதே எண் செல்லும். பதிவுகளை எல்லாம் ஒரே இடத்தில் கொட்டி வைப்பதில்லை. அவை அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். ஆபா செயலியில் நீங்கள் ஒப்புதல் தந்தால்தான் இன்னொரு மருத்துவர் பார்க்க முடியும். எந்தப் பதிவை, எத்தனை நாள் வரை என்பதும் உங்கள் முடிவுதான். தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் வழி உண்டு.

பலர் எண்ணை எடுத்ததோடு விட்டுவிடுகிறார்கள். வெறும் எண் ஒரு காலிப் பெட்டி. ஓபி சீட்டு போடும்போது ஒவ்வொரு தடவையும், "இது என் ஆபா எண், இதுலயே பதிஞ்சுடுங்க" என்று சொல்லுங்கள். க்யூஆர் குறியீடு ஒட்டியிருந்தால் செயலியில் ஸ்கேன் செய்யலாம். டோக்கன் வந்துவிடும், பெயரையும் வயதையும் வரிசையில் நின்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு செயலியைத் திறந்து அன்றைய பதிவு வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். இன்னும் இணையாத மருத்துவமனைகள் இருக்கத்தான் செய்கின்றன. அங்கே வாங்கிய சீட்டையும் ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் தெளிவாகப் போட்டோ எடுத்து டிஜிலாக்கரில் ஏற்றுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் மாத்திரையின் பெயரையும் அளவையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபாவைக் காப்பீட்டு அட்டை என்று நினைப்பவர்கள் நிறைய. அது பதிவுக்கான எண் மட்டுமே. சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை தனியாக வேண்டும்.

ஆபா எடுக்கும்போது ஓடிபி, ஆதாரோடு இணைத்த செல்போனுக்குத்தான் வரும். பெற்றோரின் ஆதாரில் பழைய நம்பர் இருந்தால், முதலில் ஆதார் மையத்தில் அதை மாற்றுங்கள். போனில் கூப்பிட்டு யாராவது அந்த ஓடிபியைக் கேட்டால் சொல்லாதீர்கள். சந்தேகம் இருந்தால் 14477 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.