வருகைப் பருவம்

குழந்தைக்கு ஓராண்டு நிறைந்ததென்று உற்றாரையும் அண்டை அயலாரையும் அழைத்து, மொட்டையடித்துக் காது குத்தி விருந்திடுகிற வீட்டில், விழாவுக்கு உரிய அந்தச் சிசு சந்தனம் பூசிய தலையோடு ஜமுக்காளத்தின் நடுவே உட்கார்ந்தபடியே இருக்க, அதைவிட இரண்டு வாரம் இளையதான பக்கத்து வீட்டுக் குழந்தை கொலுசு குலுங்கத் தள்ளாடித் தள்ளாடி அதன் முன்னால் நடந்து போய்விடுமானால், அந்த ஒரு கணத்தில் பெற்றவள் மனத்தில் எழும் கலக்கம் சாமானியமானதன்று. "ஏம்மா, இன்னும் அடியெடுத்து வைக்கலையா? எங்க பேத்தி பத்தாம் மாசமே ஓடிட்டா!" என்று பெரியம்மா முறையுள்ள ஒருவர் கேட்டுவிட்டுப் பந்திக்கு எழுந்து போய்விடுவார், கேள்வி மட்டும் எழுந்து போகாது. அன்றிரவு அந்தத் தாய் தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உறங்குகிற குழந்தையின் பாதத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பாள். "இவன் அப்பன்கூட ஒன்றரை வயசிலேதான் நடந்தான், சும்மா இரு" என்று மாமியார் அதட்டினால், அப்போதைக்கு ஓர் ஆறுதல் பிறக்குமேயொழிய மனம் தெளியாது.

அச்சுறுத்திய பெரியம்மா, ஆறுதல் சொன்ன மாமியார் ஆகிய இருவர் பேச்சிலும் உண்மை ஓரளவு உண்டு. இருவரும் தவறவிட்டதும் ஒன்று உண்டு. குழந்தையின் சரீர வளர்ச்சி தேதி பார்த்து நடப்பதன்று, பருவம் பார்த்து நடப்பது. அந்தப் பருவத்துக்குத் தொடக்கம் இருப்பதுபோலவே முடிவும் இருக்கிறது.

பருவம் என்னும் சொல் இவ்விஷயத்தில் நமக்குப் புதியதன்று. பாட்டுடைத் தலைவன் முடிசூடிய மன்னனாயினும், கோயில் கொண்ட தெய்வமாயினும், அவனைக் குழந்தையாகவே பாவித்துப் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள், அக்குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துக்கொண்டார்கள். கையைத் தரையில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை; இரு கையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி; தளர்நடை நடந்து வருமாறு அழைப்பது வருகை. பாட்டியல் நூல்களில் ஒரு மரபு இவற்றை 3-ஆம் மாதம் முதல் 21-ஆம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களில் நிறுத்துகிறது. அதன்படி வருகைக்கு 13-ஆம் மாதம் அமைய, 12-ஆம் மாதம் என்று கொள்வாரும் உளர். இலக்கணம் வகுத்தவர்களே மாதக் கணக்கில் ஒருமித்து நிற்கவில்லை என்பது, குழந்தைகளை அருகிருந்து கவனித்தவர்களுக்கு வியப்பளிக்காது.

ஒன்பது மாத அகலம்

உலக சுகாதார ஸ்தாபனம், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து தேசங்களில், நல்ல போஷணையும் சுகாதாரமான சூழலும் வாய்த்த 816 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, 4-ஆம் மாதம் தொடங்கி ஓராண்டு நிறையும் வரை மாதந்தோறும், அதன் பின்னர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையும், பயிற்சி பெற்ற பணியாளர்களைக் கொண்டு பரிசோதித்து, அதன் முடிவுகளை 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் உட்காருவதற்கு 3.8 மாதம் முதல் 9.2 மாதம் வரை, கையும் முட்டியும் ஊன்றித் தவழ்வதற்கு 5.2 முதல் 13.5 வரை, தானே நிற்பதற்கு 6.9 முதல் 16.9 வரை, தானே நடப்பதற்கு 8.2 முதல் 17.6 வரை என்று, நூற்றில் முதலாவதாக வருகிற குழந்தைக்கும் ஏறக்குறையக் கடைசியாக வருகிற குழந்தைக்கும் இடைப்பட்ட காலத்தை அந்த ஆய்வு வரையறுத்துக் காட்டுகிறது. நடையின் சராசரி வயது ஏறக்குறைய 12 மாதம். புலவர்களின் வருகைப் பருவமும் அங்கேதான் வந்து நிற்கிறது.

ஆயினும் சராசரியை விட நாம் மனத்தில் இருத்த வேண்டியது அதன் இரு புறமும் உள்ள அகலத்தையே. 8 மாதத்தில் நடந்த குழந்தைக்கும் 17 மாதத்தில் நடந்த குழந்தைக்கும் இடையே ஒன்பது மாத வித்தியாசம், அதாவது ஒரு குழந்தை கருவில் உருவாகி வெளிவருவதற்கு ஆகும் காலம், இருக்கக்கூடும்; இருவரும் பூரண ஆரோக்கியம் உடையவர்களே. அந்தக் குழந்தைகளில் 4.3 விழுக்காட்டினர் கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லை என்பதையும் ஆராய்ச்சியாளர்கள் குறித்திருக்கிறார்கள். வயிற்றால் ஊர்ந்து சென்று எழுந்து நின்றுவிடும் குழந்தைகளும் உண்டு. உட்கார்ந்த நிலையிலேயே பிட்டத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கூடம் முழுவதும் வலம் வருகிற குழந்தைகளும் உண்டு. இந்த இரண்டாம் வகையினர் சற்றுத் தாமதித்தே நடப்பார்கள். இந்தச் சுபாவம் பல குடும்பங்களில் வழிவழியாக வருவது. மாமியார் சொன்ன சமாதானம் பொருந்துகிற இடம் இது.

முந்தி நடந்த குழந்தை புத்திசாலியாகும் என்ற அபிப்பிராயத்துக்கும் ஆதாரம் குறைவு. சூரிச் நகரில் 222 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பதினெட்டு வயது வரை தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அவர்கள் எந்த மாதத்தில் உட்கார்ந்தார்கள், எந்த மாதத்தில் நடந்தார்கள் என்பதற்கும், பள்ளிப் பருவத்தில் அவர்கள் காட்டிய அறிவுத்திறனுக்கும் சம்பந்தம் காணப்படவில்லை.

தலையிலிருந்து பாதம் வரை

மாதம் மாறினாலும் கிரமம் பெரும்பாலும் மாறுவதில்லை. பிறந்த சிசுவின் தலை அதன் முழு நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. அத்தனை பாரத்தை மெல்லிய கழுத்தின் மேல் நிறுத்துவதே அதற்கு முதல் சாதனை. மூளையிலிருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டு செல்லும் நரம்பிழைகளின் மேல், மின்கம்பிக்குச் சுற்றிய உறையைப்போல, மயலின் என்னும் கொழுப்புப் பொருள் சிறிது சிறிதாகப் படிகிறது. உறை படிந்த இழையில் கட்டளை பன்மடங்கு விரைவாக ஓடுகிறது. முதலில் கழுத்து, பிறகு தோளும் முதுகும், பிறகு இடுப்பு, இறுதியில் கால் என்று அதிகாரம் மேலிருந்து கீழே இறங்குவதனால்தான், தலை நின்ற பிறகே குழந்தை உட்காருகிறது. உட்கார்ந்த பிறகே நிற்கிறது.

நரம்பு முதிர்ந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. பிறந்த சில நாட்களே ஆன குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பாதம் மேசையில் படும்படி பிடித்தால், நடப்பதற்குப் பழகியதுபோல் கால் மாற்றிக் கால் எடுத்து வைக்கும். இரண்டு மாதத்துக்குள் இந்த விசித்திரம் மறைந்துவிடும். மூளை முதிர்வதால் மறைகிறது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. எஸ்தர் தெலன் என்னும் அமெரிக்க அறிஞரும் அவருடைய சகாக்களும் 1984-இல் வெளியிட்ட பரிசோதனையில், அந்தக் குழந்தைகளின் கால்களைத் தண்ணீரில் அமிழ்த்திப் பிடித்தார்கள். காணாமற்போன அடியெடுப்பு மீண்டும் தோன்றியது. குழந்தையின் காலில் கொழுப்பு விரைவாக ஏறுகிறது, தசையின் பலம் அத்தனை விரைவாக ஏறுவதில்லை, ஆகவே பாரம் தாங்காமல் கால் ஓய்கிறது, தண்ணீர் பாரத்தைக் குறைத்ததும் மீண்டும் எழுகிறது என்பது அதன் விளக்கம். ஆகவே, நரம்பு, தசை, உடல் எடை, அதன் அமைப்பு எல்லாம் ஒன்றுகூடி வந்தால்தான் ஓர் அடி பிறக்கிறது. இவற்றுள் எது எந்த வீட்டுக் குழந்தைக்கு எப்போது கூடும் என்று பஞ்சாங்கம் போட இயலாது.

அவசரப்படுத்திப் பழக்கினால் பலன் உண்டா? ஆர்னால்ட் கெசல் என்னும் ஆராய்ச்சியாளர் 1929-இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இதற்குப் பிரசித்தமான உதாரணம். உருவொத்த இரட்டைப் பெண் குழந்தைகளில் ஒருத்திக்கு 46-ஆம் வாரம் தொடங்கி ஆறு வாரம் மாடிப்படி ஏறப் பயிற்சி அளித்து, மற்றவளைச் சும்மா விட்டுவிட்டு, 53-ஆம் வாரத்தில்தான் அவளுக்குப் பயிற்சி தொடங்கினார். இரண்டே வாரத்தில் அவள் தன் சகோதரியை எட்டிப் பிடித்துவிட்டாள். இதற்கு மறுபக்கமும் உண்டு. கென்யாவில் கிப்சிகிஸ் மக்கள், தரையில் சிறு குழி தோண்டிக் குழந்தையை உட்காரவைத்துப் பழக்குவதையும், அக்குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளைவிட ஏறக்குறைய ஒரு மாதம் முந்தி உட்காருவதையும் நடப்பதையும், ஆனால் யாரும் பழக்காத தவழ்தலில் அப்படி முந்தாததையும் 1976-இல் சார்லஸ் சூப்பர் என்னும் ஆராய்ச்சியாளர் எழுதினார். பயிற்சி பருவத்தைச் சற்று முன்னே இழுக்கலாம்; பருவத்தையே அது படைத்துவிடாது.

குழந்தை தானாகவே செய்துகொள்ளும் பயிற்சிக்கு ஈடு எதுவும் இல்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காரென் அடால்ஃப் குழுவினர் 2012-இல் வெளியிட்ட கணக்கின்படி, 12 முதல் 19 மாதக் குழந்தை விளையாடும் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி எடுத்து வைக்கிறது. 17 முறை விழுகிறது. விழுந்ததைப் பார்த்து நாம் பதறுகிறோம். குழந்தையோ பதினெட்டாவது முறைக்கு எழுந்துவிடுகிறது.

பாட்டியின் நீட்டிய கால்கள்

அத்தனை அடிக்கும் வேண்டியது தரை ஒன்றே. பாட்டி மனையில் உட்கார்ந்து, புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, நீட்டிய கால்களின் மேல் குழந்தையைக் குப்புறக் கிடத்தி முதுகுக்கு எண்ணெய் தேய்க்கும்போது, அந்தச் சிசு முக்கி முனகித் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறதே, அதைத்தான் இன்றைய வைத்தியர்களும், விழித்திருக்கும் நேரத்தில் குழந்தையைச் சற்றுக் குப்புறப் போட்டு வையுங்கள் என்று கூறுகிறார்கள். உறங்கும்போது மல்லாத்தியே கிடத்த வேண்டும். தொட்டிலில் நேரும் திடீர் மரணத்தைத் தவிர்க்க அது அவசியம். ஆனால் உறக்கம் கலைந்த பிறகும் தூளி, மடி, இடுப்பு, நாற்காலி என்று நாள் முழுவதும் தரை படாமல் வைத்திருந்தால், கழுத்துக்கும் தோளுக்கும் வேலை ஏது?

நிற்கத் தெரிந்த குழந்தை பின்னால் நின்று தள்ளிச் செல்லும் மர நடைவண்டியையும், உட்காரக்கூடத் திடப்படாத குழந்தையை உள்ளே இருத்திக் கால்விரலால் உந்தி உருட்டச் செய்யும் சக்கர வாக்கரையும் ஒன்றென்று எண்ணுவது தவறு. பின்னது நடையைத் துரிதப்படுத்துவதில்லை. மாடிப்படியில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகள் பலர். கனடா தேசம் 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்தது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கணக்கையே மாற்றிப் போட வேண்டும். 40 வாரத்தில் பிறக்க வேண்டிய குழந்தை 32 வாரத்தில் பிறந்ததென்றால், அந்த 8 வாரத்தை வயதிலிருந்து கழித்துவிட வேண்டும். 10 மாதம் நிறைந்தபோது அதை 8 மாதக் குழந்தையாகவே பாவிக்க வேண்டும். இரண்டு வயது வரை இந்தக் கழிவு செல்லும். இதை அறியாமல் எத்தனையோ தாய்மார் வீண் கவலையில் மெலிகிறார்கள்.

பருவம் தவறினால்

இதுவரை கூறியது அஞ்சுகிறவர்களுக்கு. இனிக் கூறுவது "தானே சரியாகிவிடும்" என்று காத்திருப்பவர்களுக்கு. 4 மாதம் நிறைந்தும் தலை நிற்கவில்லை, அல்லது 9 மாதம் கடந்தும் பிடிமானம் இல்லாமல் உட்காரவில்லை, அல்லது 18 மாதத்திலும் தானே நடக்கவில்லை என்றால், பருவத்தின் எல்லை வந்துவிட்டதென்று கொள்ள வேண்டும். மாதக் கணக்குக்கு அப்பாற்பட்ட அடையாளங்களும் சில உள. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் துணிபோல் நழுவுவது. தூக்கியவுடன் கால்கள் கத்தரிபோல் பின்னி விறைப்பது. கட்டைவிரலை உள்ளடக்கிக் கை எப்போதும் மூடியே இருப்பது. ஒரு வயதுக்கு முன்பே எதற்கும் ஒரே கையை நீட்டி, மற்றதைச் சும்மா தொங்கவிடுவது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, நேற்று வரை செய்ததை இன்று செய்யாமல் இழப்பது. இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் நாள் கடத்தலாகாது.

காரணங்கள் பலவகைப்படும். தைராய்டு சுரப்புக் குறைவாக இருந்தால் மாத்திரையால் சீர்செய்யலாம். ஆனால் பிறந்த சில வாரங்களுக்குள் தொடங்க வேண்டும், தாமதித்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். வைட்டமின் டி குறைவினால் எலும்பு இளகியிருந்தால் அதற்கும் எளிய சிகிச்சை உண்டு. நடக்கத் தாமதிக்கும் ஆண் குழந்தைக்குத் தசைச் சிதைவு நோய் இருக்கிறதா என்பதை ஓர் இரத்தப் பரிசோதனை சுட்டிக் காட்டிவிடும். பிரசவ வேளையில் மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தைக்கும், இளமையிலேயே தொடங்கும் உடற்பயிற்சிச் சிகிச்சையால் மூட்டுகள் இறுகிப் போகாமல் காக்கலாம்.

இதற்காகப் பெருஞ்செலவு செய்ய வேண்டியதில்லை. பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளவர்களைப் பரிசோதிக்க 2013-இல் மத்திய அரசு தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. குழந்தை மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் அங்கே ஒரே இடத்தில் பார்க்கிறார்கள். தடுப்பூசி போடுகிற செவிலியரிடம் கேட்டாலும் வழி சொல்வார்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தலை நின்ற நாள், குப்புற விழுந்த நாள், உட்கார்ந்த நாள், எழுந்து நின்ற நாள் ஆகியவற்றைத் தடுப்பூசி அட்டையின் ஓரத்தில் குறித்து வையுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாமல், உங்கள் குழந்தையின் சென்ற மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடுங்கள். சிறிதேனும் முன்னேறி வந்தால் பொறுத்திருங்கள். ஒன்றரை வயது நிறைந்தும் அது தானே நடந்து வரவில்லையென்றால், நல்ல நாள் பாராமல், அந்த வாரமே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.