கே. எஸ். ராஜாவுக்குத் தீவகத்திலிருந்து ஒரு விடை

கோடி ரூபா பரிசுடன் வினா எழுப்பும் தொகுப்பாளர்களை இன்று தொலைக்காட்சியில் காண்கின்றோம். ஆனால் எமது தலைமுறைக்கு அக்கலை முகமாக அன்றிக் குரலாகவே அறிமுகமாயிற்று. அக்குரல் இலங்கை வானொலி அறிவிப்பாளர் கே. எஸ். ராஜாவினுடையது.

1970களில் நெடுந்தீவின் பெரும்பாலான வீடுகளில் மின்சாரம் இருக்கவில்லை. அயலில் ஒருவரிடம் வானொலிப் பெட்டி இருந்தால் அதுவே ஊரின் அரங்கு. பற்றரி தீர்ந்துவிட்டால் படகு கொண்டுவரும் வரை காத்திருத்தல் வேண்டும். அதுவரை பழைய பற்றரிகளை வெயிலில் காயவைத்து, ராஜாவின் நிகழ்ச்சிக்கென்று மிச்சம் பிடித்தோம்.

‘திரைவிருந்து’ அவருக்குத் தமிழகத்திலும் பெரும் புகழைத் தேடித் தந்தது. மூச்சு வாங்காத வேகத்திலும் ஓர் எழுத்துச் சிதையாத உச்சரிப்பு அவருடையது. எனினும் என்னைக் கவர்ந்தது ‘வினோத வேளை’ என்னும் போட்டியே. அதன் விதி மிக எளிது. அறிவிப்பாளர் அடுத்தடுத்துக் கேள்விகள் தொடுப்பார். போட்டியாளர் தயங்காது விடையளித்தல் வேண்டும். ஆனால் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரு சொற்களையும் உச்சரித்தல் ஆகாது.

இதற்கு நூலறிவு வேண்டியதில்லை. விவசாயியும் ஆசிரியரும் ஒரே நிலையில் நின்று விளையாடக்கூடிய போட்டி அது. வினாக்களின் வேகத்தைச் சமாளித்து நிற்பவர், சாதாரண வினா ஒன்று வந்ததும் தம்மை மறந்து ‘ஆம்’ என்று விடுவார். கூடியிருந்தோர் சிரிப்பர், தோற்றவரும் சேர்ந்து சிரிப்பார். தோற்றவர் நாணாமல் விடைபெறச் செய்வதே நல்ல தொகுப்பாளரின் இலக்கணம். ராஜாவிடம் அது நிறைந்திருந்தது.

பின்னர் வந்த ஆண்டுகளில் அதே விளையாட்டு வேறு உருவில் எம்மைத் தேடி வந்தது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டியபடி நின்றபோது, ‘ஆம்’ என்பதும் ஆபத்து, ‘இல்லை’ என்பதும் ஆபத்து என்றிருந்தது. அங்கே தோற்றவர் சிரித்தபடி வீடு திரும்பவில்லை. 1990இல் இராணுவம் தீவகத்தைக் கைப்பற்றியபோது எம்மவர் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று, பற்றரிகள் தடைசெய்யப்பட்டன. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் செய்தி கேட்டோம்.

அத்தகைய காலத்திலேதான், 1994 செப்ரெம்பர் 3ஆம் திகதி, ராஜா கொழும்பில் கொல்லப்பட்டார். ஆயிரமாயிரம் வீடுகளில் ஒலித்த குரல் அது. ஆயினும் அவ்வீடுகளில் இருந்தோர் கூடி அழுது விடைகொடுக்க அன்றைய சூழல் இடமளிக்கவில்லை. அச்சம் நிலவிய நாட்களில் துக்கத்தையும் மெதுவாகவே பேச வேண்டியிருந்தது.

ஆதலால் இவ்விடை பிந்தியே வருகின்றது. வினா என்பது ஒருவரைச் சிக்கவைப்பதற்கு மட்டுமன்று, மகிழ்விப்பதற்கும் உரியது என்பதை அவர் எமக்குக் காட்டினார். ஒலிவாங்கியின் முன் சாதாரண மனிதர் பயமின்றிப் பேசிச் சிரித்த காலம் ஒன்று எமக்கும் இருந்தது என்பதற்கு, எஞ்சியுள்ள அவரது ஒலிப்பதிவுகள் சாட்சி. பழைய ஒலிநாடாக்கள் எவரிடமேனும் இருப்பின் அவற்றைப் பாதுகாத்தல் வேண்டும். அவருக்கு நாம் செய்யக்கூடிய அஞ்சலி அதுவே.

சென்று வாருங்கள், ராஜா அண்ணா.