கப்பல் செலவுக்காகக் காத்திருந்த ஆன்டெனாக்கள்: கல்யாணில் தொடங்கிய சூரிய ஆய்வு

புது தில்லி: மும்பையில் இருந்து அம்பர்நாத் செல்லும் மின்சார ரயில் கடந்து போகும் கல்யாணில்தான், சூரியனின் ரேடியோ அலைகளை ஆராய 1965-ம் ஆண்டு 32 ஆன்டெனாக்கள் நிறுவப்பட்டன. பின்னாளில் உதகையிலும் புணே அருகிலும் எழுந்த பெரும் தொலைநோக்கிகளுக்கு அடித்தளமிட்ட அந்த ஆன்டெனாக்கள், ஆஸ்திரேலியா இலவசமாக அளித்தவை. ஆனால், அவற்றைக் கொண்டுவரும் கப்பல் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியில் சில ஆண்டுகள் கடந்து போயின.

விதை போட்ட தமிழர்

இந்த முயற்சிக்கு விதை போட்டவர், விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியல் அறிஞர் கே.எஸ். கிருஷ்ணன். தில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்த அவர், 1952-ல் சிட்னி மாநாட்டுக்குச் சென்றபோது அங்கு நடைபெற்ற ரேடியோ வானியல் ஆய்வுகளைக் கண்டு வியந்தார். அவரது முயற்சியால் தில்லி ஆய்வுக்கூடத்தின் கோவிந்த் ஸ்வரூப், கொடைக்கானல் ஆய்வகத்தின் ஆர். பார்த்தசாரதி ஆகிய இருவரும் 1953-ல் சிட்னிக்கு அனுப்பப்பட்டனர்.

அங்கு பாட்ஸ் ஹில் என்ற இடத்தில், 1.8 மீட்டர் விட்டம் கொண்ட 32 கிண்ண ஆன்டெனாக்களைக் கொண்டு இருவரும் சூரியனை ஆராய்ந்தனர். அவற்றுக்கு அங்கு வேலை முடிந்ததும், இந்தியாவுக்குத் தருமாறு ஸ்வரூப் கேட்க, ஆஸ்திரேலியா இசைந்தது. அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கப்பல் செலவு இழுபறியானது. காத்திருந்து பார்த்த ஸ்வரூப், 1956-ல் அமெரிக்கா சென்றுவிட்டார்.

பாபா எடுத்த முடிவு

1961-ல் ஸ்வரூப், டி.கே. மேனன், எம்.ஆர். குண்டு, டி. கிருஷ்ணன் என வெளிநாட்டில் இருந்த நால்வர், தாயகம் திரும்பி ஆய்வு செய்ய விரும்புவதாகக் கடிதம் எழுதினர். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹோமி பாபா 1962-லேயே சம்மதித்தார். ஸ்வரூப் 1963-ல் திரும்பினார். தில்லி வந்து சேர்ந்திருந்த ஆன்டெனாக்கள் கல்யாணுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. கிழக்கு மேற்காக 24, வடக்கு தெற்காக 8 என அமைக்கப்பட்டு, சுமார் 49 சென்டிமீட்டர் அலைநீளத்தில் சூரியனை ஆராய்ந்தன. சூரியனின் வெளி வளிமண்டலம் சுமார் 10 லட்சம் டிகிரி வெப்பம் உடையது என்பது அங்கு உறுதியானது.

பின்னர் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய குண்டு, மில்லிமீட்டர் அளவிலான மிகக் குறுகிய அலைநீளங்களில் சூரிய வெடிப்புகளை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். அலைநீளம் குறையக் குறைய, வெடிப்பு நிகழும் ஆழ்ந்த அடுக்குகளின் செய்தி கிடைக்கும் என்பதே இதன் சிறப்பு.

போர் மூளும் அபாயம்

இது வெறும் ஏட்டுக் கல்வி அல்ல. 1967 மே 23-ல் சூரியன் உமிழ்ந்த ரேடியோ அலைகள், ஏவுகணைகளைக் கண்காணிக்கும் அமெரிக்க ராடார்களை முடக்கின. சோவியத் யூனியனின் சதியோ என்ற ஐயம் எழுந்தது. சூரியனைக் கண்காணித்து வந்த விமானப்படை நிபுணர்கள் உண்மையை உரிய நேரத்தில் எடுத்துச் சொன்னதால் விபரீதம் தவிர்க்கப்பட்டது.

2024 மே மாதம் வீசிய சூரியப் புயலின்போது, லடாக்கின் ஹான்லேயில் வானம் செந்நிறமானது. செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்து 2023-ல் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தில் 7 கருவிகள் உள்ளன. அவற்றில் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் கருவி ஏதும் இல்லை. அந்தப் பணி கர்நாடகத்தின் கௌரிபிதனூர் போன்ற தரைநிலையங்களையே சார்ந்துள்ளது.

வெடிப்பின் ரேடியோ அலைகள் சூரியனில் இருந்து பூமியை அடைய எட்டு நிமிஷங்களுக்குச் சற்றே அதிகம் ஆகும். இலவசமாகக் கிடைத்த ஆன்டெனாக்கள் சிட்னியில் இருந்து கல்யாணை அடைந்து இயங்க ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின. அறிவியலுக்கான நிதி கோப்புகளில் தேங்கும்போதெல்லாம், ஆட்சியாளர்கள் நினைவில் கொள்ள வேண்டிய கணக்கு இது.