ஹாலே நகரின் ஓக் மரக் கதவு

2019 அக்டோபர் 9, புதன்கிழமை நண்பகல். கிழக்கு ஜெர்மனியின் ஹாலே நகரில், ஹம்போல்ட் தெரு ஜெப ஆலயத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் தொழுதுகொண்டிருந்தார்கள். அன்று யோம் கிப்பூர், யூதர்களுக்கு ஆண்டின் மிகப் புனிதமான நாள். ஏறக்குறைய 25 மணி நேரம் சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பிருந்து, செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்பார்கள். அப்படிப்பட்ட நாளிலும் வாசலில் போலீஸ் காவல் இல்லை.

வெளியே வெடிச்சத்தம். ராணுவ உடையில் ஒருவன் துப்பாக்கியோடு நிற்பதைக் கண்காணிப்புக் கேமராவின் திரையில் பார்த்தார் யூதச் சமூகத் தலைவர் மேக்ஸ் பிரிவோரோட்ஸ்கி. உள்ளே இருந்தவர்கள் கையில் கிடைத்த நாற்காலி, மேசைகளை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள். அவன் சுட்டான், வெடிகுண்டு வீசினான். ஓக் மரக் கதவு அசையவில்லை. அதற்கிடையே, தெருவில் நடந்துபோன 40 வயதுப் பெண்ணைச் சுட்டுக் கொன்றான். பிறகு காரில் போய், ஒரு கபாப் கடையில் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த 20 வயது இளைஞரையும் கொன்றான். இருவருமே யூதர்கள் அல்லர்.

யூத வெறுப்பு எப்படி இயங்குகிறது என்பதற்கு அந்த 27 வயதுக் கொலைகாரனின் பேச்சே விளக்கம். தன் செயலை இணையத்தில் நேரலையாகக் காட்டியபடி, நாஜிகளின் யூதப் படுகொலை நடக்கவே இல்லை என்றான். பெண்ணியத்தைத் திட்டினான், குடியேறிகளைத் திட்டினான். கடைசியில், எல்லாவற்றுக்கும் வேர் யூதனே என்றான். மற்ற இன வெறுப்புகள் பெரும்பாலும் ஒரு கூட்டத்தைத் தாழ்ந்தது என்று சொல்லும். யூத வெறுப்போ, அந்தக் கூட்டம்தான் திரைமறைவிலிருந்து உலகையே ஆட்டுவிக்கிறது என்றும் சேர்த்துச் சொல்லும். அதனால் விலைவாசி, போர், கொள்ளைநோய் என எந்தத் துன்பத்தையும் அதன் தலையில் கட்டிவிட முடிகிறது. 1903-இல் ரஷ்யாவில் வெளியான ‘சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்’ என்ற போலி ஆவணம் பரப்பியது இந்தக் கதையைத்தான். மதப் பகையாக இருந்ததை இனப் பகையாக்கி, அதற்கு ‘செமிட்டிய எதிர்ப்பு’ என்று அறிவியல்போல் ஒலிக்கும் பெயரை 1879-இல் பரவச் செய்தவர் வில்ஹெல்ம் மார் என்ற ஜெர்மானியர். செமிட்டிக் என்பது உண்மையில் எபிரேயமும் அரபியும் சேர்ந்த ஒரு மொழிக் குடும்பத்தின் பெயர். அவர் குறிவைத்ததோ யூதர்களை மட்டுமே.

ஹாலேயில் இன்னொரு வாசலும் இருக்கிறது. 1938 நவம்பரில் நாஜிகள் நாடெங்கும் ஜெப ஆலயங்களைக் கொளுத்தியபோது இந்நகரின் ஆலயமும் அழிந்தது. எஞ்சிய கல் வாசல் இன்று நினைவுச்சின்னம். போருக்குப் பிறகு, 1894-இல் யூதக் கல்லறைத் தோட்டத்தில் இறுதிச் சடங்குகளுக்காகக் கட்டிய மண்டபத்தை 1953-இல் ஆலயமாக்கிக்கொண்டார்கள். தப்பிப் பிழைத்திருந்த சிலருக்கு அந்தச் சிறு மண்டபம் போதுமானதாக இருந்தது.

அதை மீண்டும் நிறைத்தவர்கள் 1991 முதல் முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்து வந்தவர்கள். குடும்பத்தாரையும் சேர்த்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படி ஜெர்மனிக்கு வந்தார்கள். சோவியத் அடையாள ஆவணத்தின் ஐந்தாவது வரியில் அவர்களுக்கு ‘யூதர்’ என்று எழுதியிருக்கும். அந்த ஒரு சொல் கல்லூரி இடத்தையும் வேலையையும் தடுக்கும். ஆனால் மதத்தைப் பின்பற்றவோ எபிரேயம் கற்கவோ வழி இருக்காது. அடையாளம் அவர்களுக்குத் தண்டனையாக மட்டுமே கிடைத்தது. ஐம்பது வயதிலும் அறுபது வயதிலும் ஜெர்மனிக்கு வந்து தங்கள் மன்றாட்டுகளை முதல் எழுத்திலிருந்து படித்தவர்கள் அவர்களில் உண்டு. தந்தை வழியில் மட்டும் யூதராக இருந்தவர்களுக்கு வேறொரு சிக்கல்: யூதர் என்று அரசு அனுமதித்தது, தாய்வழியை அளவுகோலாகக் கொண்ட மதச் சட்டம் ஏற்கவில்லை. இத்தனையையும் தாண்டி வந்து தொழுத முதியவர்களும், திருநாளில் அவர்களுக்குத் துணையாக பெர்லினிலிருந்து வந்திருந்த இளைஞர்களும்தான் அன்று கதவுக்குப் பின்னால் இருந்தார்கள்.

போலீஸார் அவர்களைப் பேருந்தில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். யோம் கிப்பூரின் கடைசித் தொழுகைக்கு நெயிலா என்று பெயர். ‘அடைத்தல்’ என்று பொருள். வானத்தின் வாசல்கள் சாத்தப்படும் நேரம் அது என்பது நம்பிக்கை. அந்தத் தொழுகையை அவர்கள் விட்டுவிடவில்லை. மருத்துவமனை உணவுக்கூடத்தில் சொல்லி முடித்து, நோன்பை முடித்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நிலைமை மேலும் மோசமானது. 2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். தொடர்ந்த போரில் காசாவில் பல்லாயிரம் உயிர்கள் பறிபோயின. அந்தச் சாவுகளைக் கண்டு கொதிப்பதும் இஸ்ரேல் அரசைக் கடுமையாகக் கண்டிப்பதும் யூத வெறுப்பு ஆகாது. பெர்லினில் தொழ வரும் மூதாட்டியை அந்த அரசின் செயலுக்குப் பதில் சொல்லச் சொல்வது வெறுப்பு. 2023 அக்டோபர் 18-இல் பெர்லினின் புருன்னன் தெருவிலுள்ள ஜெப ஆலயத்தை நோக்கிப் பெட்ரோல் குண்டுகள் வீசப்பட்டன. வீட்டுக் கதவுகளில் யூதச் சின்னமான தாவீதின் நட்சத்திரத்தைக் கிறுக்கிவிட்டுப் போனார்கள். இத்தகைய சம்பவங்களைப் பதிவுசெய்யும் ரியாஸ் அமைப்பின் கணக்கில் 2024-இல் ஜெர்மனியில் மட்டும் 8,627 சம்பவங்கள், நாளொன்றுக்குச் சராசரியாக 23-க்கு மேல். அந்தப் போருக்கு முன்பே, 2023-இன் முதல் பாதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 13 நாடுகளில் நடத்திய ஆய்வில், யூதர்களில் 76 சதவீதத்தினர் எப்போதாவது தங்கள் அடையாளத்தை மறைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பேருந்தில் ஏறும்போது அந்த நட்சத்திரம் தொங்கும் கழுத்துச் சங்கிலியைச் சட்டைக்குள் தள்ளிவிடுகிறார்கள், குல்லாவின் மேல் சாதாரணத் தொப்பியை மாட்டிக்கொள்கிறார்கள்.

ஹாலேயில் உயிர் தப்பியவர்கள் மறைந்துகொள்ளவில்லை. 2020 ஜூலையில் மக்டபுர்க் நகரில் வழக்கு விசாரணை தொடங்கியபோது, பாதிக்கப்பட்டவர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இணை வாதிகளாகச் சேர்ந்தார்கள். யூதர்களும் கபாப் கடைக்காரர்களும் சேர்ந்த வரிசை அது. ஜெர்மனியின் யூத மாணவர் சங்கம் அந்தக் கடைக்காக நிதி திரட்டியது. உயிர் தப்பியவர்கள் ஒவ்வொருவராகச் சாட்சிக் கூண்டில் ஏறி, நாஜிகளிடம் பறிகொடுத்த பாட்டன் பாட்டியரைப் பற்றியும் பேசினார்கள். ‘தனி ஆளின் பைத்தியக்காரத்தனம்’ என்று வழக்கைச் சுருக்கிவிட இடம் தரவில்லை.

டிசம்பர் 21-இல் கொலைகாரனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தண்டனைக்குப் பிறகும் காவலில் வைக்க உத்தரவிட்டார்கள். ஆனால் தப்பியோடும் வழியில் அவன் காரால் மோதிய சோமாலியரின் விஷயத்தில், கொலை முயற்சி நிரூபணமாகவில்லை என்று சொல்லி, கவனக்குறைவால் நேர்ந்த காயமாக மட்டுமே நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. இதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் ஜெப ஆலயத்தில் இருந்தவர்களும் உண்டு. கறுப்பு நிறத்தவர் என்பதால் அவர்மேல் கார் ஏற்றப்பட்டது, அவரை ஒதுக்கிவிட்டு எங்களுக்கு மட்டும் நீதி வேண்டாம் என்பது அவர்கள் வாதம்.

குண்டு துளைத்த பழைய கதவைக் கழற்றி எறியவில்லை. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஓர் இளம் கலைஞர் அதை நினைவுச்சின்னமாக்கினார். ஆலய முற்றத்தில், துளைகளோடு அப்படியே நிற்கிறது.