வெண்புள்ளி உள்ள கைகளுக்கு நிறம் பூசும்போது

முகத்தில் வரும் வெண்புள்ளிகள் சிகிச்சைக்கு ஓரளவு நன்றாக இணங்கும். விரல் நுனிகள் லேசில் இணங்குவதில்லை. நிறமிச் செல்கள் பெரும்பாலும் மயிர்க்கால்களிலிருந்துதான் மறுபடி பரவும். விரல் நுனியில் மயிர்க்காலே கிடையாது. காசு நீட்டும்போதும் சோறு பரிமாறும்போதும் மற்றவர் கண் விழுவதோ அந்தக் கையில்தான். வெண்புள்ளி தொற்றாது, தொழுநோயும் அல்ல. அதை மறைத்தே தீர வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. மறைக்க விரும்புகிறவர்களுக்குத் தோலைப் பழுப்பாக்கும் ‘செல்ஃப் டேனர்’ பூச்சு ஒரு நல்ல வழி.

நிறம் ஏறும் விதம்

1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரக் குழந்தைகள் மருத்துவமனையில், மருந்தாகக் கொடுத்த டைஹைட்ராக்ஸி அசிட்டோன் சிந்திய இடங்களில் தோல் பழுப்பதை ஆய்வாளர் ஈவா விட்கென்ஸ்டீன் கவனித்தார். துணியில் கறை இல்லை, தோலில் மட்டும் நிறம். செல்ஃப் டேனரில் நிறம் தருவது இந்த டைஹைட்ராக்ஸி அசிட்டோன்தான். அது ஒரு எளிய சர்க்கரை. தோலின் மேலே உள்ள இறந்த செல்களின் புரதத்தோடு சேர்ந்து பழுப்பாகிறது. தோசை முறுகுவதும் இதே வகை வேதிவினைதான். இதற்கு மெலனின் தேவையில்லை என்பதால் வெண்புள்ளியிலும் நிறம் பிடிக்கும்.

கணுக்களில் கவனம்

இறந்த செல்கள் தடித்திருக்கும் இடத்தில் நிறம் அதிகம் ஏறும். விரல் கணு, நகக்கண், மணிக்கட்டு மடிப்பு எல்லாம் கருத்துப்போவது அதனால்தான். முதல் நாளே ஈரத்துணியால் மெல்லத் தேய்த்துச் சொரசொரப்பை எடுத்துவிடுங்கள். பூசும் நாளில் கை உலர்ந்திருக்கட்டும். கணுக்களிலும் நகத்தைச் சுற்றியும் மட்டும் கொஞ்சம் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். விரல்களை மடக்கிக்கொண்டு, பஞ்சு சுற்றிய குச்சியால் வெள்ளைப் பகுதிக்குள் மட்டும் மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். ஓரம் தாண்டினால் பக்கத்துத் தோலும் கருத்து, புள்ளியைச் சுற்றி வளையம் தெரியும். உள்ளங்கையையும் நகங்களையும் உடனே துடைத்துவிடுங்கள்.

நிறம் தெரியச் சில மணி நேரமாகும், முழுதாகத் தெரிய ஒரு நாள்கூட ஆகலாம். அவசரப்பட்டு மேலே மேலே பூசுவதுதான் பலரும் செய்யும் தவறு. போதவில்லையென்றால் மறுநாள் இன்னொரு பூச்சு. முதல்முறை என்றால் முழங்கை உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள். வெடிப்பு, புண் உள்ள இடத்தில் வேண்டாம்.

வெயிலுக்குக் கவசமல்ல

பழுப்பு நிறத்தைப் பார்த்து வெயிலில் தைரியமாகப் போய்விடாதீர்கள். உள்ளே மெலனின் இல்லாத தோல் அப்படியேதான் இருக்கிறது, சீக்கிரம் வெந்து சிவந்துபோகும். வண்டி ஓட்டும் கைகளுக்கு சன்ஸ்கிரீனோ பருத்திக் கையுறையோ கட்டாயம் வேண்டும். பாத்திரம் தேய்க்கிற கையில் நிறம் சில நாளிலேயே மங்கும். சன்ஸ்கிரீனோ கை கழுவும்போதே போய்விடும். கழுவிய பிறகு மறக்காமல் திரும்பத் தடவுங்கள்.