கூம்பில் பட்ட பந்து

ஜிம்பாப்வேயின் இரண்டாவது பெரிய நகரம் புலவாயோ. அங்கே ஹைலேண்டர்ஸ் என்ற கால்பந்து அணியின் வீரர்கள்தான் இளைஞர்களுக்கு நாயகர்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த நாட்டின் வயதுவந்தோரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது. 60 வயதை ஒட்டியிருந்த சராசரி ஆயுள் 45-க்குச் சரிந்துவிட்டது. வீட்டுக்கு வீடு சாவு விழுந்தும், நோயின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஹைலேண்டர்ஸில் ஆடிய டாமி கிளார்க், பிறகு குழந்தைகள் மருத்துவரானார். தன்னோடு ஆடியவர்களை எய்ட்ஸ் கொண்டுபோனதும், அதைப் பற்றி ஊரே வாய்திறக்காததும் அவரை உலுக்கின. ஜிம்பாப்வே வீரர் மெதெம்பே இன்ட்லோவு, ஈதன் ஜோன், கிர்க் ஃப்ரெட்ரிக் ஆகியோருடன் சேர்ந்து 2002-இல் ‘கிராஸ்ரூட் சாக்கர்’ அமைப்பைத் தொடங்கினார். ஊர் மதிக்கும் ஆட்டக்காரர்கள் பேசினால் பிள்ளைகள் கேட்பார்கள் என்பது அவர்கள் கணக்கு.

அவர்களுடைய ஆட்டங்களில் ஒன்று இது. மைதானமெங்கும் கூம்புகள் நிற்கும். ஒவ்வொன்றும் ஓர் ஆபத்து: ஆணுறை இல்லாத உறவு, பல துணைகள், வயதில் மிக மூத்த துணை, குடி. பந்தைத் தட்டிக்கொண்டே அவற்றுக்கு நடுவே ஓட வேண்டும். பந்து கூம்பில் பட்டால், முதல் சுற்றில் பட்டவர் மட்டும் தண்டால் எடுப்பார். அடுத்த சுற்றில் அவருடைய அணி முழுவதும் எடுக்கும். அதற்கும் அடுத்ததில் மைதானத்தில் இருக்கும் அத்தனை பேரும். ஒருவரின் தொற்று குடும்பத்தையும் ஊரையும் எப்படி அழுத்தும் என்பது தோள் வலிக்கும்போது புரிந்துவிடுகிறது.

இன்னோர் ஆட்டத்தில் எதிரெதிரே இரண்டு வரிசை. முதுகுக்குப் பின்னால் ஒரு டென்னிஸ் பந்து கைமாறும். அது யாரிடம் இருக்கிறது என்று எதிர்வரிசை சொல்ல வேண்டும். பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்வார்கள். அந்தப் பந்துதான் எச்.ஐ.வி. என்று பயிற்சியாளர் அப்போது சொல்வார். முகத்தைப் பார்த்து யாருக்குத் தொற்று என்று கண்டுபிடிக்க முடியாது. பரிசோதனை ஒன்றே வழி.

ஆட்டத்தைவிட அந்தப் பயிற்சியாளர்தான் முக்கியம் என்பேன். அவர் அதே தெருவில் வளர்ந்தவர், இருபதுகளில் இருப்பவர். தன் அண்ணனையோ அம்மாவையோ இழந்த கதையைத் தயங்காமல் சொல்வார். ஓர் எடுத்துக்காட்டு: ஆண்கள் நுனித்தோல் நீக்கிக்கொண்டால் பெண்களிடமிருந்து தொற்றும் ஆபத்து சுமார் 60 சதவீதம் குறையும் என்று ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வுகள் காட்டின. 2007-இல் உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைத்தது. ஆனால் எந்தப் பையன் தானாக வருவான்? புலவாயோவின் சில பள்ளிகளில், அதைச் செய்துகொண்ட பயிற்சியாளரே மாணவர்களிடம் தன் அனுபவத்தைச் சொன்னார். பிறகு தொலைபேசியில் விசாரித்தார், மருத்துவமனைக்கும் கூடவே போனார். அந்தப் பள்ளிகளில் முன்வந்தவர்கள் மற்றப் பள்ளிகளைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

ஆனாலும் பந்து எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் இளம்பெண்களுக்குத் தொற்று பையன்களைவிட மிக அதிகம். பள்ளிக் கட்டணத்துக்காக மூத்த ஆணைச் சார்ந்திருக்கும் பெண்ணிடம் ‘ஜாக்கிரதையாக இரு’ என்று மட்டும் சொல்வது அநியாயம். அவளுக்குப் பணமும் பாதுகாப்பும் வேண்டும். தொற்று வந்தவர்களுக்கு அதைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து தடையின்றிக் கிடைக்க வேண்டும். மருந்து பெற முதலில் தொற்று இருப்பது தெரிய வேண்டும். அதனால்தான் கிராஸ்ரூட் சாக்கர், போட்டி நடக்கும் மைதானத்துக்கே பரிசோதனையைக் கொண்டுவந்தது நல்ல யோசனை.

இது நமக்கும் அந்நியமான நோயல்ல. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வில். நம் பள்ளிகளிலோ இன்றும் எச்.ஐ.வி. பற்றிய பாடம் வந்தால் ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் உண்டு. பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கேட்கும் ஆசிரியர்களே, மாதத்தில் ஒரு பீரியடையாவது விட்டுக்கொடுங்கள். உடற்கல்வி ஆசிரியர்களே, பத்துக் கூம்பும் ஒரு பந்தும் போதும், தொடங்குங்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் போகும் பிள்ளைகளுக்கு 1097 என்ற இலவச உதவி எண்ணையும் சொல்லிவிடுங்கள்.