உளநூலார் திருத்திக்கொண்ட தவறு

நோயாளரை மட்டுமே காணும் வைத்தியருக்கு ஊர் முழுவதும் நோயுற்றதாகத் தோன்றுதல் இயல்பே. உளநூல் வரலாற்றிலும் இத்தகைய மயக்கம் ஒன்று நெடுங்காலம் நிலவியது. ஆணை நாடும் ஆணும், பெண்ணை நாடும் பெண்ணும் மனநோயாளர் என்று உளமருத்துவர் பலர் உறுதியாகக் கூறிவந்தனர். அவர்கள் ஆராய்ந்தோர் யாவர்? சிகிச்சை நாடி வந்தோரும் சிறைப்பட்டோருமே பெரும்பாலர்.

இக்கூற்றைச் சோதிக்கத் துணிந்தவர் ஈவ்லின் ஹூக்கர் என்னும் அமெரிக்க அம்மையார். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அவர் உளவியல் கற்பித்தார். அவரிடம் பயின்ற மாணவர் ஒருவர், தாமும் தம் நண்பரும் தன்பால் ஈர்ப்புடையோர் என்பதைத் தெரிவித்து, தம் போன்றோரை ஆராய்வது அவர் கடமையென வற்புறுத்தினார்.

1950களில் அம்மையார் தன்பால் ஈர்ப்புடைய ஆடவர் 30 பேரையும் ஏனைய ஆடவர் 30 பேரையும், வயது, கல்வி, நுண்மதி ஆகியன ஒத்திருக்குமாறு இணை இணையாகச் சேர்த்தார். அவருள் எவரும் மனநோய்க்கு வைத்தியம் நாடியவரல்லர். தன்பாலுறவு அக்காலத்தில் அங்கே சட்டப்படி குற்றம். ஆதலின், வந்தோரின் இரகசியங் காக்கத் தம் வீட்டுத் தோட்டத்து அறையிலேயே அவர்களைச் சந்தித்தார். மைக்கறைகளையும் வேறு படங்களையும் காட்டி, அவற்றில் அவர்கள் கண்டவற்றைக் கூறச் செய்தார்.

பின்னர், யார் எவரென்பதை மறைத்து, அவ்விடைகளை மூன்று நிபுணரிடம் கொடுத்தார். மைக்கறைச் சோதனையிற் பெயர்பெற்ற புறூனோ கிளொப்பர் அவர்களுள் ஒருவர். ஓரிணையுள் தன்பால் ஈர்ப்புடையவர் யாரென்பதை அவர்களாற் பிரித்தறிய இயலவில்லை. நாணயத்தைச் சுண்டிச் சொல்வதிலும் அவர்தம் தீர்ப்புச் சிறக்கவில்லை. மனநலத்திலும் இரு சாராரிடையே வேறுபாடு தோன்றவில்லை.

1956இல் சிக்காகோவில் வாசிக்கப்பட்ட இம்முடிவு மறு ஆண்டு அச்சேறியது. ஓர் ஆய்வினால் மட்டும் உலகம் மாறிவிடவில்லை. எனினும் 1973இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கமும், 1990இல் உலக சுகாதார நிறுவனமும் தன்பால் ஈர்ப்பை நோய்ப்பட்டியலினின்றும் நீக்கின.

அதற்கிடையில், நோயென்றஞ்சிப் பிள்ளையை வைத்தியரிடம் அழைத்துச் சென்ற பெற்றோர் எத்தனை பேர்! தம்மையே வெறுத்து வாடிய இளைஞர் எத்தனை பேர்! ஒருவரை நோயாளரெனத் தீர்க்குமுன், அத்தீர்ப்பு எவரைப் பார்த்து எழுந்ததென்று வினவுதல் வேண்டும். அறிஞர்க்கு மட்டுமன்றி, வீட்டிலுள்ள பெரியோர்க்கும் இப்பாடம் பொருந்தும்.